ஏழாம் மேசையின் புள்ளிகள்

நூறு சென்டிமீட்டர் நூலுக்கு இருபது அலைவு நாற்பது புள்ளி ஒன்று விநாடி, எண்பத்தொன்றுக்கு முப்பத்தாறு புள்ளி ஒன்று, அறுபத்து நான்குக்கு முப்பத்திரண்டு புள்ளி ஒன்று, நாற்பத்தொன்பதுக்கு இருபத்தெட்டு புள்ளி ஒன்று, முப்பத்தாறுக்கு இருபத்து நான்கு புள்ளி ஒன்று. ஐந்து அளவுக்கும் வாலில் ஒரே மாதிரி ஒரு புள்ளி ஒன்று தொங்குவதை, அனுப்பு என்ற பொத்தானை அமுக்கிய பிறகுதான் நாச்சிமுத்து கவனித்தார். மனுஷன் கையால் நூலைக் கட்டி, ஆட்டி, அளந்து எழுதினால் இப்படி வருமா? வராது. ஒன்று கூடும், ஒன்று குறையும், ஒன்று எசகுபிசகாக எங்கேயோ போய் நிற்கும். இது அளந்ததில்லை, மனப்பாடம். முப்பத்தொரு வருஷமாகப் பதினோராம் வகுப்புக்குத் தனி ஊசல் சோதனை நடத்தி நடத்தி, புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு என்று சரியாக வந்து நிற்பதற்கு எந்த நீளத்துக்கு என்ன நேரம் எழுத வேண்டும் என்று நெஞ்சில் பதிந்துபோன பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அறிவியல் ஆசிரியர்களுக்கான கணினிப் பயிற்சியின் இரண்டாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்து கண் சொருகும் மூன்று மணிக்கு, யாரும் எழுப்பிக் கேட்காமலே அதை ஒப்பித்து அனுப்பியும் விட்டார். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்து வைத்தால் அனுப்பினது திரும்பி வந்துவிடுமா என்ன, ஆனாலும் வைத்தார். விஷயம் இவ்வளவுதான்: நேற்றுக் காலையிலிருந்து இந்த நிமிஷம்வரை, தெரியாது என்ற ஒரு சொல்லை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. இருபத்திரண்டு ஆசிரியர்கள் இருக்கிற அறை. பாதிப் பேருக்கு அவரைப் பெயரோடு தெரியும், நாலைந்து பேர் செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக அவர் வந்தபோது எழுந்து நின்று நாற்காலி போட்டவர்கள். அவர்கள் முன்னால் போய், அம்மா இந்தப் போனில் எதை அமுக்குவது என்று கேட்பதா?

ஆனால் அந்த அம்மாள் சொன்னாரே, நேற்று எடுத்த எடுப்பிலேயே சொன்னாரே. ஹாஜிரா டீச்சர். இரண்டு பஸ் மாறி வந்து, பர்தாவைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பெரிய தொடுதிரைக்குப் பக்கத்தில் போய் நின்றபோது நாச்சிமுத்து அவரை டீ வாங்கித் தர வந்தவர் என்று நினைத்தார். இதை இப்போது நினைத்தாலும் அவருக்குக் காது சுடுகிறது. பயிற்சி கொடுக்க வருகிற கருத்தாளர் என்றால் இருபத்தெட்டு வயதில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நுனிநாக்கில் பேசிக்கொண்டு ஒருத்தர் வருவார் என்றுதானே எல்லாரும் காத்திருந்தார்கள். வந்தவருக்கு ஐம்பத்தொன்பது வயது. இன்னும் பத்து மாதத்தில் ஓய்வு. நாச்சிமுத்துவை விட இரண்டு வயது மூத்தவர். "மூணு வருசத்துக்கு முன்னாடி எனக்கு மவுஸ் புடிக்கத் தெரியாதுங்க. அம்பு திரை ஓரத்துக்குப் போயிருச்சு, நானும் அது பின்னாடியே இழுத்துட்டுப் போயி மேசைல இருந்து கீழ போட்டுட்டேன். எட்டாவது புள்ளைங்க சிரிச்சுதுங்க. சரி, சிரிச்ச புள்ளைங்ககிட்டயே கத்துக்கலாம்னு உக்காந்துட்டேன்" என்று அவர் சொன்னபோது அறையே சிரித்தது, நாச்சிமுத்துவும் சிரித்தார், சிரிக்கும்போதே உள்ளே ஏதோ சுருக்கென்றது. அதன் பிறகு அவர் ஒரு நீள நோட்டை எல்லார் கைக்கும் சுற்றுக்கு விட்டார். கற்றுக்கொண்ட ஒவ்வொன்றையும் தமிழில், அழகான உருண்டை எழுத்தில், படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு பொத்தானையும் பென்சிலால் வரைந்திருக்கிறார், அதற்கு வண்ணமும் தீட்டியிருக்கிறார். நீல அம்பை அமுக்கு. சுற்றும். பயப்படாதே. மறுபடி சுற்றினால் மறுபடி பயப்படாதே. அந்த வரியை நாச்சிமுத்து ரெண்டு தரம் படித்தார். தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொண்டு, யாரும் பார்க்காத ஒரு நோட்டில், ஐம்பத்தாறு வயதில் ஒரு பெண் எழுதின வரி. என்னிடம் அப்படி ஒரு நோட்டு உண்டா? பாடத்திட்ட நோட்டு உண்டு, மாறாமல் இருபது வருஷமாகப் பிரதி எடுத்த நோட்டு. பயப்படாதே என்று எனக்கு நானே எப்போதாவது எழுதியிருக்கிறேனா? பயமே இல்லாதவன் போலத்தானே இருந்தேன். பயமே இல்லாதவன் எதற்குப் போனைக் கவிழ்த்து வைக்கிறான்.

இன்றைக்கு மதியம் அவர் ஊசலை எடுத்தபோது நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார், இது நம் ஊர், இங்கே நம்மை யாரும் அசைக்க முடியாது என்று. பையிலிருந்து பெரிய லாரி நட்டு ஒன்றை எடுத்தார் அந்த அம்மாள், ஐம்பது சென்டிமீட்டர் நூலில் கட்டி மேசை விளிம்பில் தொங்கவிட்டார், எதிரே ஒரு போனைச் சாய்த்து வைத்தார். நட்டு குறுக்கே போகும்போதெல்லாம் போனின் கேமரா பார்த்து எண்ணிக்கொண்டே வந்தது. ஆளுக்கு ஒரு நிறுத்துகடிகாரம் வேண்டாம், ஒன்று ரெண்டு என்று கத்த வேண்டாம். கணக்குப் போட்டுத் திரையில் பெரிய எழுத்தில் எழுதினார்: ஒன்பது புள்ளி நாலு ஏழு. எழுதிவிட்டு அழிக்கவில்லை. அதுதான் நாச்சிமுத்துவை உலுக்கிய இடம். அழிக்கவில்லை, திருத்தவில்லை, ஏறக்குறைய ஒன்பது புள்ளி எட்டு என்று மழுப்பவும் இல்லை. "தப்பா வந்திருக்குதுங்க. ஏன்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றார். ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். வகுப்பில் ரெண்டு நிமிஷம் பேசாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று வாத்தியாராக இருந்தவனுக்குத்தான் தெரியும். பின் வரிசையிலிருந்து ஒரு டீச்சர் மெதுவாக, "நூலை முடிச்சு வரைக்குந்தான் அளந்தீங்க, நட்டோட நடுவு வரைக்கும் அளக்கலீங்க" என்றார். ஹாஜிரா டீச்சர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும், பரிசு வாங்கின குழந்தை மாதிரி. அட, முப்பத்தொரு வருஷம் நான் அழிக்கச் சொன்ன இடத்தில் அல்லவா இந்த அம்மாள் பாடம் நடத்துகிறார் என்று நாச்சிமுத்து நினைத்தார், மனசாரக் கையும் தட்டினார். தட்டின கை இன்னும் சூடு ஆறவில்லை, அதற்குள் அந்தக் கை என்ன காரியம் செய்துவிட்டது.

போன்தான் காரணம். இல்லை, போன் காரணமில்லை, மகன்தான் காரணம். எது வந்து எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றே அமுக்குங்கப்பா, ஆமாம் என்று அமுக்கினால் பேங்கில் இருக்கிறதெல்லாம் போய்விடும் என்று அவன் கோயமுத்தூரிலிருந்து வாராவாரம் பாடம் நடத்துகிறான். எனவே, மேசைக்கு ஒரு நட்டும் நூலும் வந்த பிறகு, போனில் எண்ணுகிற அந்தச் செயலி திறந்ததும், உங்கள் கேமராவைப் பயன்படுத்தலாமா என்று பணிவாகக் கேட்டபோது, நாச்சிமுத்து வேண்டாம் என்று கண்டிப்பாக அமுக்கிவிட்டார். அதன் பிறகு நட்டு ஆடிற்று, ஆடிக்கொண்டே இருந்தது, போன் மட்டும் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டே இருந்தது. திருப்பி வைத்தார், தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். பூஜ்யம். மேசைக்கு இரண்டு பேர் என்று கணக்கு, அவருக்குக் கூட்டாளி பக்கத்து ஊர்ப் பள்ளியின் வேதியியல் ஆசிரியர் சென்னியப்பன். அவரோ "சித்தெ இருங்க சார், ஒரு போன் பேசீட்டு வந்தர்றேன்" என்று வேப்பமரத்தடிக்குப் போனவர் போனவர்தான். ஹாஜிரா டீச்சர் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். நாலாவது மேசையில் குனிந்திருந்தார், ஐந்தாவதில் யாரோ கேட்ட சந்தேகத்துக்குச் சிரித்தார், ஆறாவதில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்தது நாம்தான், வந்தால் கேட்கலாம், கேட்டுவிடலாம், டீச்சர் இது ஓடமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான், நாலு வார்த்தை. அவர் வந்தார். "ஆச்சுங்ளா சார்?" என்று கேட்டார். நாச்சிமுத்துவின் வாய், நாச்சிமுத்துவைக் கேட்காமலே, "ஆச்சுங், ஆச்சுங்" என்றது. அவர் நம்பினார். நம்பி எட்டாவது மேசைக்குப் போனார். அப்புறம் என்ன, நாற்பது புள்ளி ஒன்று, முப்பத்தாறு புள்ளி ஒன்று. சென்னியப்பன் திரும்பி வந்து, "அட, நானு அக்கட்டால போயிட்டு வர்றதுக்குள்ள முடிச்சுப்போட்டீங்ளா! உங்ககூட உக்காந்ததே புண்ணியமுங்க" என்று சப்புக்கொட்டினார்.

இப்போது டீச்சர் முன்னால் பெரிய திரையில் மேசை மேசையாகப் புள்ளிகளைத் திறந்துவிட்டார். போனுக்குள் எல்லாருக்கும் ஒரே தாள், யார் எங்கிருந்து மாற்றினாலும் அந்த நிமிஷமே திரையில் விழுகிறது, மேசைக்கு ஒரு நிறம். கீழே நூலின் நீளம், பக்கவாட்டில் நேரத்தின் இருமடி, நடுவில் ஒன்பது புள்ளி எட்டுக்கான சாய்ந்த கோடு. பச்சை விழுந்தது, கொஞ்சம் மேலே கொஞ்சம் கீழே. ஆரஞ்சு விழுந்தது, கோட்டை ஒட்டி, ஆனால் ஒன்று மட்டும் சற்றே விலகி. ஊதா, மஞ்சள், காவி. நாச்சிமுத்து அவற்றைப் பொறாமையோடு பார்த்தார். எவ்வளவு லட்சணமான பிசகு! எல்லாரும் அளந்திருக்கிறார்கள். வயசுப் பிள்ளைகள் அளந்திருக்கிறார்கள், கண்ணாடி போட்ட அந்தத் தாவரவியல் டீச்சர் அளந்திருக்கிறார், நேற்றுத் தொடுதிரையை டஸ்டரால் துடைத்தாரே அந்த மனுஷன்கூட அளந்திருக்கிறார். பிறகு ஏழாம் மேசையின் சிவப்பு விழுந்தது. ஐந்து புள்ளியும் கோட்டின் மேலேயே, ஊசியில் கோத்த மாதிரி. அதைப் பார்த்ததும் அவருக்கு ஏனோ பாக்கியவதியின் ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது, காளிக்காட்டுப் பள்ளிக்கூடம், அந்தப் பெண்ணுக்கு ஒன்பது புள்ளி ஐந்து இரண்டு வந்தது. மறுபடி செய்தாள், மறுபடி அதேதான். "சார், எனக்கு இதுதானுங்க வருது" என்றாள். அவர் சொன்னார், "ஏம்மா, பூமி உனக்குன்னு தனியா இழுக்குதா?" வகுப்பே சிரித்தது. பிரமாதமான நகைச்சுவை என்று அன்றைக்கு அவரும் நினைத்தார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷம் அதே நகைச்சுவையை வேறு வேறு பிள்ளைகளிடம் வேறு சொன்னார். அந்தப் பெண் ரெக்கார்டு நோட்டில் அடித்து ஒன்பது புள்ளி எட்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். பூமி உனக்குன்னு தனியா இழுக்குதா. அவள் அளந்தாள், ரெண்டு தரம் அளந்தாள். நான் அளக்கவே இல்லை. அவள் நூலை முடிச்சு வரைக்கும் அளந்திருப்பாள், அவ்வளவுதான் அவள் குற்றம், அதைக் குனிந்து பார்த்துச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? பூமி உனக்குன்னு தனியா. சீ, என்ன பேச்சு அது.

"ஏழாவது டேபிள் யாருங்க?" என்று ஹாஜிரா டீச்சர் கேட்டார். சென்னியப்பனுக்கு அப்படியொரு சந்தோஷம், பாதி எழுந்தே விட்டார். "நாங்கதானுங்க! நாச்சிமுத்து சாருங்க, இயற்பியல்ல புலியாச்சுங்களே!" அறை திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாளின் முகத்தை நாச்சிமுத்து துருவித் துருவிப் பார்த்தார், எங்கேயாவது ஒரு நக்கல், ஒரு கண்சிமிட்டல் இருக்கிறதா என்று. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். இல்லை. "நான் எத்தனையோ தடவ செஞ்சும் எனக்கு இப்படி வந்ததில்லீங்க சார். கொஞ்சம் முன்னாடி வந்து, எப்படி அளந்தீங்கன்னு எங்களுக்குச் சொல்லுங்களேன்." எங்களுக்கு என்றார். அவர்களுக்கு என்று சொல்லவில்லை. நாச்சிமுத்து எழுந்தார். ஏழாவது மேசையிலிருந்து திரைக்குப் பதினைந்து அடி இருக்கும், அந்தப் பதினைந்து அடிக்குள் அவர் மனசு ஒரு முழுப் பேச்சையே தயாரித்துவிட்டது. சொல்லிவிடலாம், என்ன கஷ்டம், எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. முன்னால் போய் நின்றார், தொண்டையைச் செருமினார், அவருக்கே அவர் குரல் நன்றாக இருந்தது. "அதாவதுங்க, சின்னக் கோணத்துலதான் ஆட்டோணும். அஞ்சு டிகிரிக்கு மேல போகப்படாது. மொதல் ரெண்டு அலைவை விட்டுப்போட்டு மூணாவதுல இருந்து..." பொய் என்று ஒரு வார்த்தை இல்லை அதில், எல்லாம் உண்மை, எல்லாம் வேறு யாரோ செய்ய வேண்டிய உண்மை. அப்போது பக்கத்தில் பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஹாஜிரா டீச்சர் நீள நோட்டைப் பிரித்து மேசையில் வைத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, அவர் சொன்னதை எழுதத் தொடங்கியிருந்தார். தேதி போட்டிருந்தார். நாச்சிமுத்து சார் சொன்னது என்று தலைப்புப் போட்டு அடிக்கோடும் இட்டிருந்தார். பத்து மாதத்தில் வீட்டுக்குப் போகப் போகிறவர், இனி ஒரு வகுப்பில்கூட இந்த ஊசலை ஆட்டுவாரோ இல்லையோ, குழந்தை மாதிரி குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த நோட்டுக்குள் என் புளுகா? மவுஸைக் கீழே போட்டதைக்கூட மறைக்காமல் சொன்னவரின் நோட்டுக்குள்ளா? நாச்சிமுத்துவுக்கு அந்த நிமிஷம் தன் மானம் மரியாதை எல்லாவற்றையும் விட அந்தப் பக்கம் பெரிதாகத் தெரிந்தது.

"டீச்சர், எழுதாதீங்க" என்றார். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நானு அளக்கவே இல்லீங்க. போன்ல கேமராவைத் தொறக்கலாமான்னு கேட்டுது, வேண்டாம்னு அமுக்கிப்போட்டன். அப்புறம் ஓடல. உங்களைக் கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சுங்க. மனசுல இருந்ததைப் போட்டு அனுப்பீட்டன். எல்லாம் பொய்க் கணக்குங்க." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஹாஜிரா டீச்சர் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை, பரவாயில்லை சார் என்ற அந்தப் பாழாய்ப்போன வார்த்தையைச் சொல்லவில்லை, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். தலைப்பை விட்டுவிட்டு, கீழே எழுதினதை மட்டும் ஒரு கோட்டால் அடித்தார். பேனாவை மூடினார். நாச்சிமுத்து திரும்பி இடத்துக்கு நடக்கலாமா, இல்லை அப்படியே வாசல் வழியாக பஸ் ஸ்டாண்டுக்கே நடந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, திரையில் ஏதோ அசைந்தது. பச்சைப் புள்ளி ஒன்று. கோட்டை விட்டுச் சட்டென்று மேலே தாவி நின்றது. யாரோ எதையோ தவறுதலாகத் தொட்டிருப்பார்கள் என்று நினைத்தார். பிறகு இன்னொரு பச்சை தாவிற்று. பிறகு ஆரஞ்சு, மூன்று புள்ளி ஒன்றன்பின் ஒன்றாக. ஊதா மேசையின் புள்ளிகள் மேலேயும் போகவில்லை கீழேயும் போகவில்லை, ஒவ்வொன்றாகக் காணாமலே போயின. அறையைப் பார்த்தார். ஒருத்தரும் தலை தூக்கவில்லை. எல்லாரும் மேசைக்குக் கீழே போனை வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்க்காமல், காப்பி அடித்த பரீட்சைத் தாளைத் திருத்துகிற பிள்ளைகள் மாதிரி விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தாவரவியல் டீச்சருக்குக் கன்னம் சிவந்திருந்தது. டஸ்டர்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அப்படியானால் அந்த லட்சணமான பிசகெல்லாம்? அளந்துவிட்டு, வந்ததைப் பிடிக்காமல், ஒன்பது புள்ளி எட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், சந்தேகம் வராத அளவுக்குக் கொஞ்சம் கலைத்தும் வைத்தது. நம்மை விடக் கெட்டிக்காரர்கள் என்று நாச்சிமுத்துவுக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது, அடுத்த கணம் கண் நிறைந்தது. எத்தனை வருஷப் பழக்கம் இவர்களுக்கெல்லாம், எத்தனை அதிகாரிகள், எத்தனை ரெக்கார்டு நோட்டுகள். அதை யாரும் கேட்காமல், பேர் சொல்லாமல், இந்த மூன்றே நிமிஷத்தில் திருத்துகிறார்களே. பதினொரு மேசையில் எட்டு மேசை அசைந்துவிட்டது. கோடு ஏறக்குறைய தனியாக நின்றது, புள்ளிகள் அதைச் சுற்றி, மேலே, தள்ளி, இஷ்டத்துக்கு, உண்மையாகச் சிதறிக் கிடந்தன. ஹாஜிரா டீச்சர் திரையைப் பார்த்தபடி கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

அறையில் முதலில் வாயைத் திறந்தவர் சென்னியப்பன்தான், அவருக்கு எப்போதுமே அடக்கமாகப் பேச வராது. "ஏனுங் சார்," என்றார் பின்னாலிருந்து, "எல்லாரும் மாத்திப்போட்டாங்க. நம்ம அஞ்சு புள்ளி மட்டும் இன்னும் கோட்டு மேலயே நிக்குதுங்க."

நாச்சிமுத்து ஏழாவது மேசைக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு கையை மேசை விளிம்பில் ஊன்றி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மெல்லத் தரையில் இறங்கி நட்டுக்கு எதிரே உட்கார்ந்தார். போனைத் திருப்பினார். பூஜ்யம் அப்படியே இருந்தது. ஹாஜிரா டீச்சர் பக்கத்தில் வந்து நின்றது சேலையின் அசைவில் தெரிந்தது, அறை முழுக்கக் கேட்கட்டும் என்று தலையை நிமிர்த்திச் சத்தமாகவே கேட்டார்.

"டீச்சர், எனக்குத் தெரியலீங்க. இதுல மொதல்ல எதை அமுக்கோணும்?"